பிலேமோன் வீட்டில் வாசிக்கப்பட்ட கடிதம்

புதிய ஏற்பாட்டில், பவுல் சிறையிலிருந்து பிலேமோன் என்ற எஜமானுக்கு எழுதிய சின்னக் கடிதம்தான் பிலேமோன் நிருபம். அது என்றாலே சின்ன வயதிலிருந்து ஆலயத்தில் கேட்ட ஒரே பிரசங்கம்தான் ஞாபகம் வரும். ஒநேசிமு என்ற அடிமை எஜமானிடம் திருடிவிட்டு ஓடினான், சிறையில் பவுலைச் சந்தித்து மனந்திரும்பினான், எஜமானிடமே திரும்பிப் போனான். ஆகவே கீழ்ப்படியுங்கள். ஆமென்.

போன வாரம் அந்த 25 வசனங்களையும் உட்கார்ந்து மறுபடி மறுபடி வாசித்தேன். திருடினான் என்று எங்குமே இல்லை. "அவன் உமக்கு யாதொரு அநியாயஞ்செய்ததும், உம்மிடத்தில் கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றுதான் இருக்கிறது. 'உண்டானால்' என்ற ஒரு சொல்லை வைத்து அவனைத் திருடனாக்கியது நாம்தான். ஓடினான் என்றும் பவுல் எழுதவில்லை, பிரிந்துபோனான் என்கிறார்.

இந்தக் கடிதம் புத்தி சொல்வது ஒநேசிமுக்கு அல்ல, பிலேமோனுக்கு. அதுவும் தனியாக இல்லை. அப்பியாள், அர்க்கிப்பு, அந்த வீட்டில் கூடுகிற சபை என்று எல்லாரையும் பெயரிட்டு வாழ்த்திவிட்டுத்தான் பவுல் பேச ஆரம்பிக்கிறார். சபை நடுவில் வாசிக்கப்படும் கடிதத்துக்குப் பிலேமோன் எப்படி முகத்தைத் திருப்புவார்? பவுலின் பெயரிலுள்ள இன்னொரு கடிதமான கொலோசெயர் நிருபம், ஒநேசிமு பிலேமோனின் ஊரான கொலோசெக்கு அனுப்பப்பட்டதைச் சொல்கிறது. இதை வாசித்தபோது அவனும் அங்கேதான் எங்கோ நின்றிருப்பான் என்று நினைக்கிறேன்.

பத்தாம் வசனத்தைத் தமிழில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். "கட்டப்பட்டிருக்கையில் நான் பெற்ற என் மகனாகிய ஒநேசிமு". முதலில் மகன், பிறகுதான் பெயர். மூல கிரேக்கத்திலும் பெயர் கடைசியில்தான் வருகிறது. யாரோ ஒரு பிள்ளைக்காகப் பெரியவர் மன்றாடுகிறாரே என்று பிலேமோன் மனம் இளகிய பிறகு, அந்தப் பிள்ளை தன் அடிமைதான் என்று தெரியும். அந்தப் பெயருக்கே 'பிரயோஜனமுள்ளவன்' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அடிமைகளுக்கு வைத்த பெயர். முன்னே பிரயோஜனமில்லாதவன், இப்போது உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன் என்று அடுத்த வசனத்தில் பவுல் அதைத் தொட்டுவிட்டு, "என் உள்ளம்போலிருக்கிறவன்" என்கிறார். எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் 'அவனை விடுதலை செய்' என்று நேரடியாக ஒரு வரி இல்லையே என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த இடைவெளியில்தான் பிற்கால எஜமான்கள் நுழைந்தார்கள். ஓடிப்போன அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க அமெரிக்காவில் இதே நிருபத்தைக் காட்டினார்கள். ஜார்ஜியாவில் 1833 வாக்கில் சார்லஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் அடிமைகளின் கூட்டத்தில் இதை வைத்து, ஓடிப்போவது பாவம் என்று பிரசங்கித்தார். கேட்டவர்களில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். அப்படி ஒரு நிருபம் வேதத்திலேயே இல்லை என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். எஜமான்களைப் பிரியப்படுத்தவே பேசுகிறீர் என்றார்கள் வேறு சிலர். இதையெல்லாம் எழுதிவைத்தவர் ஜோன்ஸேதான்.

எழுந்து போனவர்களே இந்த நிருபத்துக்கு உண்மையாக இருந்தார்கள் என்பேன். அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது பதினாறாம் வசனம்: இனி அடிமையாக அல்ல, "பிரியமுள்ள சகோதரனாக". "மாம்சத்தின்படியேயும்" என்றும் பவுல் சேர்க்கிறார். ஜெபத்தில் மட்டும் சகோதரன், வீட்டில் அடிமை என்று பிலேமோன் தப்பித்துக்கொள்ள அதில் வழியே இல்லை.

கடிதத்தை முடிக்கும்போது பவுல் ஒரு சின்ன வேண்டுகோள் வைக்கிறார், தனக்குத் தங்க ஓர் இடம் ஆயத்தம்பண்ணச் சொல்லி. அந்த வீட்டில் ஒநேசிமு எங்கே படுக்கிறான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதைப் பவுல் நேரில் வந்தே பார்ப்பார்.