அந்த ஒற்றை நட்சத்திரத்தை எடுத்துவிடு

சனிக்கிழமை எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் தாய்லாந்துக் கடையில் சாப்பிட்ட படங்களைப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே நடந்ததையும் பார்த்திருப்பீர்கள். "மீன் நாற்றம், எல்லாம் இனிப்பு, காரமே இல்லை." எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட நண்பரே எழுதினார். அதோடு விடாமல் கூகுளில் போய்க் கடைக்கு ஒற்றை நட்சத்திரமும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். மூன்று நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

உனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு, சாப்பாடு சரியில்லை என்பது வேறு.

பிள்ளைகள் இருக்கிறார்கள், மிளகாய் வேண்டாம் என்று கடைக்கார அக்காவிடம் சொன்னது நாம்தானே? மேசையில் நாலு கிண்ணம் இருந்தது. சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய் நறுக்கிப் போட்ட மீன் சாறு. அவரவர் நாக்குக்கு ஏற்பக் கலந்துகொள்ளத்தான் வைக்கிறார்கள். அவர் ஒன்றையும் தொடவில்லை. நெத்திலி மாதிரி மீனை உப்பில் போட்டு ஒரு வருஷம்போல ஊறவிட்டு வடிக்கிற சாறு அது. நம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் வாசம், அவர்கள் அடுப்பில் என்றால் நாற்றமா? அந்தக் கோழி வறுவலில் கிடந்த இலை நம்ம துளசிங்க! டாம் யாம் சூப்பில் மிதந்தது அரத்தை, இருமலுக்கு அம்மா கஷாயம் வைப்பாரே, அந்த இனம். இறால் டாம் யாமை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதைத்தான் இரண்டு கரண்டி குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

காசு கொடுத்தவன் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம், அந்த அக்காவிடம். அவர் மூன்றடி தூரத்தில்தான் நின்றார்.

சைவக்காரர்கள் என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. காய்கறி வறுவலில்கூட மீன் சாறு போடுவார்கள், முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஆனால் என் தட்டு இறாலையும் சேர்த்துச் சாப்பிட்டவருக்கு அந்தக் காரணம் இல்லை.

ஒரு கடைக்காக இவ்வளவா என்கிறவர்களுக்கு: என் அப்பா அங்காடி நிலையத்தில் தோசைக் கடை வைத்திருந்தார். ஒருநாள் ஒருவர் தோசை புளிக்கிறது, கெட்டுப்போன மாவு என்று கத்திவிட்டுக் காசு கொடுக்காமல் போனார். மாவு புளித்தால்தான் தோசை என்று அப்பா சொல்லிப் பார்த்தார், அவர் காதில் வாங்கவில்லை. அன்றிரவு அப்பா மாவுப் பாத்திரத்தைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயசு. நாம் எல்லாரும் யாரோ ஒருவருக்கு நாற்றமாக இருந்தவர்கள்தான்.

2023 மே மாதம் இங்கே சிங்கப்பூரில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் கட்டடம் காலியானபோது அங்கிருந்த தாய்லாந்துக் கடைகளுக்காக இதே முகநூலில் எத்தனை பேர் உருகினீர்கள்! இப்போது லிஃப்டில் இறங்கினால் கடை இருக்கிறது. இப்போது ஏன் இந்த இளக்காரம்?

நேற்று அந்த அக்கா கைபேசியை என்னிடம் நீட்டினார். நீ தமிழில் எழுதிய விமர்சனம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இனி உன்னை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. என்னால் அதைப் படித்துச் சொல்ல முடியவில்லை. காரம் கொஞ்சம் குறைவாம் என்று மட்டும் சொன்னேன். சிரித்தார். அடுத்த முறை அவருக்கு மிளகாய் கூடப் போடுகிறேன், கூட்டிக்கொண்டு வா என்றார்.

இன்றிரவுக்குள் எடுத்துவிடு. வியாழக்கிழமை ஏழு மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.