கூச்சல் வேறு, சரக்கு வேறு

சில நாட்களாக என் இணையப் பக்கத்தில் நடக்கும் கூத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் ஒரு முதியவரோடு நின்று எடுத்த அந்தப் படத்தை எதற்குப் போட்டேன், கீழே யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று மறுபடி விளக்கப் போவதில்லை. "நாட்டை விற்றுச் சோறு தின்கிறவன்" என்று ஒரு பெரிய மனிதர் எழுதியிருக்கிறார். அதற்கு என் சொந்தச் சித்தப்பா மகன் விருப்பக்குறி போட்டிருக்கிறான். போடட்டும். அவன் கோழித்தீவன வியாபாரி. அவனிடம் பிறகு வருகிறேன்.

அந்தப் படத்தோடு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கூச்சல் வேறு, சரக்கு வேறு. மாலத்தீவு போன்ற ஒரு சிறிய நாடு பெரிய அண்டை வீட்டோடு முறைத்துக்கொண்டே எப்படி வாழ்கிறது என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் சொன்னேன், காலில் விழ வேண்டும் என்று சொல்லவில்லை.

2024 ஜனவரி நினைவிருக்கிறதா? அவர்களுடைய துணை அமைச்சர்கள் மூன்று பேர் நம் பிரதமரைப் பற்றி உளறினார்கள். பதவியிலிருந்து இடைநீக்கமும் செய்யப்பட்டார்கள். நம் ஊரிலோ கடலையே பார்த்திராதவர்கள்கூட மாலத்தீவுப் பயணத்தை ரத்து செய்துவிட்டதாக அறிவித்தார்கள். டிக்கெட் வாங்கியிருந்தால்தானே ரத்து செய்ய! அதிபர் முய்சு "இந்தியாவே வெளியேறு" என்ற கோஷத்தில் ஜெயித்து வந்தவர். முதலில் துருக்கிக்குப் போனார், பிறகு சீனாவுக்குப் போனார், திரும்பி வந்து நாங்கள் சிறியவர்கள் என்பதற்காக யாரும் எங்களை மிரட்ட முடியாது என்றார். அரிசி, மாவு, சர்க்கரை துருக்கியிலிருந்து வரும் என்றும் சொன்னார். இந்திய ராணுவத்தினர் மே 10க்குள் கிளம்ப வேண்டும் என்று நாளும் குறித்தார்.

அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே ஏப்ரலில் என்ன நடந்தது தெரியுமா? மாலத்தீவு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் இந்தியா ஏற்றுமதி அனுமதி கொடுத்தது. 42 கோடிக்கு மேல் முட்டை, 35,749 டன் வெங்காயம், 1,24,218 டன் அரிசி. 1981இல் இரு நாடுகளுக்கும் இடையே இந்த வணிக ஏற்பாடு தொடங்கியதிலிருந்து அதுதான் அதிகபட்ச அளவு. உலகத்துக்கெல்லாம் வெங்காய ஏற்றுமதியை நாம் நிறுத்தி வைத்திருந்த நேரம் அது. அவர்களுக்கும் வேறு சில நாடுகளுக்கும் மட்டும் விலக்கு. தம்பி, கோழித்தீவனம் விற்கிற தம்பி, அந்த முட்டையில் நாமக்கல் முட்டையும் உண்டு என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

(ஆற்று மணலும் ஜல்லியும் தலா பத்து லட்சம் டன் என்று அந்தப் பட்டியலில் இருந்தது. அதில் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனுக்கு இருக்காதா? அது வேறு பதிவு.)

ராணுவத்தினர் போனார்கள். இந்தியா கொடுத்திருந்த ஹெலிகாப்டர்களும் விமானமும் போகவில்லை. சீருடைக்காரர்கள் இருந்த இடத்தில் இந்தியத் தொழில்நுட்ப ஊழியர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தொலைதூரத் தீவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரைத் தூக்கிவர அதே விமானம், அதே ஹெலிகாப்டர். முய்சுவின் தேர்தல் வாக்குறுதியும் நிறைவேறிற்று, நோயாளியும் பிழைத்தார். இதைச் சிலர் கபடம் என்கிறார்கள். ஐந்து லட்சம் மக்கள், விளைநிலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆறே இல்லை. அந்த நிலையில் இருப்பவன் செய்தால் அதற்குப் பெயர் பிழைக்கத் தெரிந்த அரசியல்.

இது முய்சுவோடு தொடங்கியதும் இல்லை. 2012இல் ஓர் இந்திய நிறுவனத்தின் விமான நிலைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். வழக்காகி, பிறகு சுமார் 27 கோடி டாலர் இழப்பீடு கட்டினார்கள். அந்தக் கசப்பு ஆறும் முன்பே, 2014 டிசம்பரில், மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் குழாயில் தண்ணீர் இல்லை. இந்திய விமானப்படை தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பறந்தது, கடற்படைக் கப்பல்களும் போயின. சீனாவும் இலங்கையும்கூட அனுப்பின. எல்லோரோடும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தவனுக்குத்தான் எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் வரும்.

"அவர்களுக்குத்தான் நாம் தேவை, நமக்கு அவர்கள் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நேபாளத்தைக் கேளுங்கள் ஐயா. 2015இல் எல்லையில் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. நாங்கள் தடுக்கவில்லை என்று இந்தியா சொன்னது, காட்மாண்டுவில் ஒருவரும் நம்பவில்லை. எரிவாயு சிலிண்டர் இல்லாமல் விறகு எரித்தவர்கள் அடுத்த மார்ச்சிலேயே சீனாவோடு சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார்கள். கையை முறுக்கினால் கை நம் பக்கம் வரும் என்று நினைப்பவர்களுக்கு இதற்குமேல் என்ன சொல்ல?

"தருவைக்குளம் மீனவர்களை மறந்துவிட்டாயா?" தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் ஊர் அது. இது நியாயமான கேள்வி. மறக்கவில்லை. 2023 அக்டோபரில் அந்த ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரை மாலத்தீவுக்காரர்கள் படகோடு பிடித்தார்கள். ஆட்களை விட்டுவிட்டு, படகுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் போட்டார்கள். ஒரு விசைப்படகுக்காரன் அந்தத் தொகையை ஏழு ஜென்மத்திலும் கட்ட முடியாது. அநியாயம்தான், இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் வீடு திரும்பியது தூதரகமும் பேச்சும் இருந்ததால். "புறக்கணிப்போம்" என்று நீங்கள் கைப்பேசியில் தட்டியதால் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் நல்ல பதில் இல்லை, நகர்கிறேன்.

சீனா, சீனா என்று பத்துப் பேர் எழுதியிருக்கிறார்கள். சீனா கட்டிக்கொடுத்த பாலத்தில் நானும் போயிருக்கிறேன். நல்ல பாலம்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். என் பக்கத்தில் நிற்கும் அந்த முதியவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. தாடியைப் பார்த்தீர்கள், முடிவு செய்துவிட்டீர்கள்.

என் அப்பா தோணித் தண்டல், அதாவது சரக்குத் தோணியை ஓட்டிச் செல்லும் தலைவர். தூத்துக்குடியிலிருந்து வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல் ஏற்றிக்கொண்டு போவார், திரும்பி வரும்போது வீட்டுக்கு மாசிக் கருவாடு வரும். 1988 நவம்பர் 3 அன்று மாலேயில் ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள் யார்? உள்ளூர்ச் சதிகாரர் ஒருவர் கூட்டி வந்த, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றின் ஆட்கள், சுமார் 80 பேர். பொதுமக்களும் செத்தார்கள். அன்றிரவே இந்தியப் பாராசூட் படை போய் இறங்கியதால் அதிபர் கயூம் தப்பினார். அந்த நாளை அவர்கள் இன்றும் அரசு விடுமுறையாக நினைவுகூர்கிறார்கள்.

அதற்குப் பிறகு அப்பா அங்கே போனபோது துறையில் தமிழ் காதில் விழுந்தாலே ஆட்கள் முறைத்தார்களாம். இந்தியத் தமிழன், இலங்கைத் தமிழன் என்று பிரித்துப் பார்க்கும் மனநிலையில் யாரும் இல்லை. அப்போது சரக்கு வாங்கும் கடைக்காரர் தம் கடைவாசலில், ஊரே பார்க்கும்படி, ஒரு நாற்காலியைப் போட்டு அப்பாவை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். அதற்காக அவரை அவருடைய ஆட்களே ஏசினார்கள். அடுத்த நாளும் நாற்காலியைப் போட்டார். படத்தில் என்னோடு நிற்பவர் அவர்தான். தம்பி, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் உன் பெரியப்பா.

"கமிஷன் வாங்குகிற ஏஜென்ட் இப்படித்தான் பேசுவான்" என்கிறார்கள். ஆமாம், தோணிச் சரக்கு ஏஜென்ட்தான். கமிஷன் வாங்குகிறேன், கணக்குக் காட்டுகிறேன், வரி கட்டுகிறேன். நாட்டுப்பற்றுக்குக் கமிஷன் வாங்குகிறவர்களைவிட இது பரவாயில்லை. 2024இல் சண்டை நடந்த அந்த மாதங்களில் சுங்கத்தில் ஒரு காகிதம் நகராமல், வெங்காயம் மூட்டையிலேயே முளைவிட்டதை நான் பார்த்தேன். நஷ்டம் என்னுடையது. நீங்கள் போட்டது ஹேஷ்டேக்.

அப்படிப் புறக்கணித்து என்ன ஆயிற்று? 2023இல் இரண்டு லட்சத்துக்கு மேல் போன நம் சுற்றுலாப் பயணிகள் 2024இல் சுமார் 1,30,000 ஆனார்கள். அவர்களுக்கு வலித்தது, மறுக்கவில்லை. அவர்களுடைய சுற்றுலா அமைச்சரே வாருங்கள் என்று கேட்டார். பிறகு 2025 ஜூலையில் அவர்களுடைய 60ஆவது சுதந்திர தினத்துக்கு நம் பிரதமரே சிறப்பு விருந்தினராகப் போனார், 4,850 கோடி ரூபாய் கடனும் அறிவித்தார். அவரை நாட்டை விற்றவர் என்று எழுத உங்களில் ஒருவருக்கும் விரல் வரவில்லை. என்னை எழுதலாம். நான் திருப்பி அடிக்கமாட்டேன் என்று தெரியும்.

உண்மையில் எனக்கு எரிச்சல் மாலத்தீவு விஷயத்தில்கூட இல்லை. சிறியவன் தலைநிமிர்ந்து பேசினால் நமக்குப் பொறுப்பதில்லை. நாடாக இருந்தாலும் சரி, தெருவில் புதிதாகக் கடை போட்டவனாக இருந்தாலும் சரி. அவன் அடங்கி நிற்க வேண்டும், நாம் தாராளமாக இருக்க வேண்டும். அவன் கணக்குப் பார்த்தால் துரோகி, நாம் கணக்குப் பார்த்தால் ராஜதந்திரம்.

தருவைக்குளத்துக்காரர்கள் கேட்டால் பதில் சொல்வேன், எந்த நேரமும். மற்றவர்கள் எழுதுங்கள், படிக்கிறேன், பதில் எதிர்பார்க்காதீர்கள். தம்பி, உன்னோடு இங்கே பேசப் போவதில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வருவாய் அல்லவா, அப்போது வைத்துக்கொள்ளலாம். உன் அண்ணி என்னைவிடக் கோபமாக இருக்கிறாள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.