3.50 லட்சம் மொத்தமாக வருமா? குறிஞ்சிப்பாடி பக்கம் சுற்றும் தகவல் தவறு

'வீடு பழுதாக இருந்தால் போதும், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ஒரே தடவையில் கணக்கில் விழும், படிவத்துக்கு 500 ரூபாய் மட்டும்' என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் குறிஞ்சிப்பாடி, பண்ணுருட்டி பக்கம் சுற்றுகிறது. நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

3.50 லட்சம் என்ற தொகை உண்மைதான். ஆனால் அது 2024-25 பட்ஜெட்டில் குடிசையில் வாழும் ஊரகக் குடும்பங்களுக்காக அறிவித்த திட்டம், 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடு என்பது இலக்கு. குடிசை இருக்கும் இடம் சொந்த இடமாக இருக்க வேண்டும், வீடு 360 சதுர அடி. பணமும் மொத்தமாக வராது. அடித்தளம், சுவர், கூரை என்று வேலை நகர நகரத்தான் தவணை தவணையாக வரும், அரசு மூலமாக சிமெண்ட், கம்பி வாங்கினால் அதற்கான விலை அந்தத் தவணையில் கழியும்.

மழை வந்தால் ஒழுகுகிற, கம்பி தெரிகிற பழைய தொகுப்பு வீடுகள் வேறு கணக்கு. அரசு கட்டித் தந்த அந்த வீடுகளுக்கு ஊரக வீடுகள் பழுதுபார்ப்புத் திட்டம் என்று தனியாக இருக்கிறது. அங்கே குழந்தைகளோடு படுத்திருப்பவர்களின் பயத்தை வைத்துத்தான் இந்த 500 ரூபாய் வசூல் நடக்கிறது, அதுதான் கோபம் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஊராட்சியிலோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ நேரில் போய், பயனாளிகள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.