மறுப்பவருக்குத் தண்டம் விதிக்கும் அவை

பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்கள் சிலர், போட்டி ஒன்றுக்காகக் கற்பனை நாடொன்றுக்கு அரசமைப்பு எழுதி, படித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார்கள். நாட்டின் பெயர் பொருநை நாடு. அதன் நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் கீழவைக்குக் குடியவை என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மேலவை வேண்டுமா என்ற வழக்கு, 1986 நவம்பர் 1 அன்று நம் சட்ட மேலவை ஒழிந்த பிறகும் தமிழ்நாட்டில் அவ்வப்போது தலைதூக்குகிற ஒன்று. அதை இன்னொரு நாள் பேசலாம்.

குடியவையின் அடித்தளம் உறுதியாகவே இருக்கிறது. அமைச்சரவை இந்த அவைக்கே கூட்டாகப் பொறுப்பு. பண மசோதா இங்கேதான் தொடங்கும்; மேலவை 14 நாளுக்குள் அதைத் திருப்பியனுப்பிவிட வேண்டும், அதன் பரிந்துரைகளை ஏற்பதும் தள்ளுவதும் குடியவையின் விருப்பம். பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால் அவை நடக்கும். வாக்குகள் சமமானால் மட்டுமே அவைத்தலைவர் வாக்களிப்பார். எல்லாம் நம் மக்களவையிலிருந்து எடுத்தவை, எடுத்ததில் தவறில்லை.

நான் நின்றுவிட்டது ஆறாம் பிரிவில். அவையில் கொண்டுவரப்படும் தீர்மானங்களைத் தொடர்ந்து மறுப்பவரும், தம் கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவரும் பதவி இழப்பார்கள் என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு ஆதாரமாக மாணவர்கள் காட்டியிருப்பது மானூர்க் கல்வெட்டு.

ஊராட்சி, தேர்தல் என்றாலே எல்லோரும் உத்தரமேரூர்க் குடவோலைக்குப் போய்விடுவார்கள். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்திய சபை விதிகள், திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் உள்ள மானூர்க் கோயிலிலேயே இருக்கின்றன. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு கி.பி. 800-ஐ ஒட்டியது என்பது அறிஞர் பலரின் கணிப்பு. சபையில் அமர்ந்து பேசுபவருக்கு ஊரில் நிலப்பங்கு இருக்க வேண்டும், கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, எதைக் கொண்டுவந்தாலும் மறுத்து முட்டுக்கட்டை போடுபவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது. நம் ஊர்க் கல்லில் இருக்கிற விதியை மாணவர்கள் தேடிப் படித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்தக் கல்வெட்டு பேசுகிற சபை பிரமதேய ஊரொன்றின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரொன்றின், நிலமுடையோர் சபை. அங்கே அமர்ந்தவர் தம் பங்குக்காகத் தாமே அமர்ந்தார். அவரை யாரும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. உழுத குடிகளுக்கு அங்கே இடமே கிடையாது. ஆகவே அவர் தண்டம் கட்டிவிட்டு வாய் மூடினால் அடங்கியது ஒருவரின் குரல். தேர்தலில் வென்றுவந்த உறுப்பினரின் வாயைச் சட்டம் அடைத்தால் ஒரு தொகுதியே ஊமையாகிறது. நம் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் மட்டும் 2024 தேர்தலின்போது வாக்காளர் எண்ணிக்கை 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தவிரவும், மானூர்ச் சபை தண்டித்தது வேலையே நடக்கவிடாத பிடிவாதத்தை. மாணவர்களின் பிரிவோ அவையை முடக்குவதையும் எதிர்த்து வாக்களிப்பதையும் ஒரே குற்றமாக்கிவிட்டது. முன்னதற்கு ஒருநாள் இடைநீக்கம் போதும். பின்னது உறுப்பினரின் வேலை.

இந்தக் குழப்பம் மாணவர்களிடம் தொடங்கியதன்று. 1985-இல் நம் அரசமைப்பின் 52ஆம் திருத்தத்தின் வழியாக வந்த பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். ஆட்சியே கவிழக்கூடிய நம்பிக்கை வாக்கெடுப்புக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். ஏதோ ஒரு சாதாரண மசோதாவின் ஒரு பிரிவுக்கு எதற்கு? 1990-இல் தேர்தல் சீர்திருத்தங்களை ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு, வாக்களிப்பைக் காரணம் காட்டிப் பதவி பறிப்பதை நம்பிக்கை, நம்பிக்கையில்லாத் தீர்மானங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் என்று நினைப்பவர்கள் முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களை எண்ணிப்பார்க்கலாம். பீடிக்கென்று 1976 முதல் தனியாக ஒரு நல வரி இருந்தது. தொழிலாளர்களின் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் அவர்கள் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கும் அந்தப் பணம் போனது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, வேறு பல தனி வரிகளோடு சேர்த்து அதையும் ஒரே சட்டத்தால் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரியா தவறா என்பதில் இரு கருத்து இருக்கலாம். பீடித் தொழிலாளர் நிறைந்த ஒரு தொகுதியின் உறுப்பினர் ஆளுங்கட்சிக்காரராக இருந்து, கட்சிக் கொறடா கட்டளையும் வந்துவிட்டால், ‘இந்த ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்’ என்று பேசலாம்; அப்படிப் பேசிய பிறகு தாம் பேசியதற்கு எதிராகத்தான் வாக்களிக்க வேண்டும். பேச்சு ஒரு பக்கமும் வாக்கு ஒரு பக்கமுமாக நிற்கிற அந்த மனிதர் ஊருக்கு வந்து என்ன விளக்கம் சொல்வார்?

மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் உறுப்பினர்களை விலைக்கு வாங்கிவிடுவார்களே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சட்டம் இருந்தும் சொகுசு விடுதிகளில் உறுப்பினர்களைக் கூட்டம் கூட்டமாக அடைத்துவைத்த காட்சியை நம் மாநிலத்திலேயே பார்த்துவிட்டோம். தனித்தனியாகத் தாவினால் பதவி போகும், மூன்றில் இரண்டு பங்கினர் இணைப்பு என்று சொல்லிக்கொண்டு சேர்ந்து போனால் போகாது என்பது இன்றைய நிலை. சில்லறை வியாபாரத்தைத் தடுத்து மொத்த வியாபாரத்துக்கு வழிவிட்ட சட்டத்தைக் கற்பனை நாட்டுக்கும் ஏற்றுமதி செய்வானேன்?

ஆகவே ஆறாம் பிரிவுக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்சி மாறினால் பதவி போகட்டும், இணைப்பு என்ற பெயரில் போனாலும் விலக்கு வேண்டாம். மீண்டும் மக்களிடம் நின்று வென்று வரட்டும். நம்பிக்கை வாக்கெடுப்பிலும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலும் கட்சிக் கட்டளை செல்லட்டும். மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தம் விருப்பப்படி வாக்களிக்கட்டும். ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை அன்று மாலைக்குள் பெயரோடு வெளியிட வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறுகிற வழக்கம் பொருநை நாட்டுக்கு வேண்டாம். இந்தக் கடைசி வரியைத்தான் மாணவர்கள் இன்னும் ஏற்கவில்லை. அவை நேரம் வீணாகும் என்கிறார்கள்.