ஐந்து பேருக்குச் சுற்றுலா, எனக்கு டியூட்டி

நண்பர்களோடு வெளிநாடு போவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. போய் இறங்கும் அந்த முதல் நாள்தான் பிரச்சினை. டிக்கெட் போட்டவன் எவனோ அவனே போர்ட்டர், அவனே வாட்ச்மேன், அவனே சமையல்காரன் என்று யாரய்யா சட்டம் போட்டது?

டிசம்பர் கடைசியில் சுவிட்சர்லாந்து, வெங்கன் கிராமம், ஆறு பேர். ஆளுக்கு 90 யூரோ விசா கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று ஒவ்வொருவனிடமும் கெஞ்சி வாங்கியது ஊரில் நடந்த கதை. அதை விடுங்கள்.

சூரிச்சில் இறங்கியதும் ஒருவன் கேட்கிறான், "மச்சான், இங்க யூரோ இல்லையா?" பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் வந்தாலும் இது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நாடு, ஃபிராங்க்தான் என்று வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனை தடவை போட்டேன்! இன்னொருவன் வாங்கிவந்த ஐரோப்பா இ-சிம்மில் சுவிட்சர்லாந்தே சேர்த்தி இல்லை. அவனுக்கும் என் ஹாட்ஸ்பாட்தான்.

இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும். அந்த ரயில் வழியில் ஸ்வைலூட்ஷினென் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். பாதிப் பெட்டிகள் நாங்கள் போக வேண்டிய லாட்டர்புருன்னனுக்கு, மீதி கிரிண்டல்வால்டுக்கு. பெட்டியிலேயே ஊர்ப் பெயர் ஓடும், நானும் தொண்டை வற்றக் கத்தினேன். "ஒரே ரயில்தானே டா" என்று ஜன்னல் சீட் தேடிப் போன இரண்டு மகாராசன்கள் கிரிண்டல்வால்டில் போய் இறங்கினார்கள். இறங்கிய இடத்திலிருந்து ஒரு செல்ஃபி வேறு! அவர்கள் திரும்பி வரும்வரை லாட்டர்புருன்னன் பிளாட்பாரத்தில் ஆறு பேர் பெட்டிக்கும் காவல் நான். மீதி மூன்று பேர் சூடாகக் குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு ஒரு காபி வாங்கிவர ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது.

வெங்கனுக்குக் கார் போகாது. 1,274 மீட்டர் உயரத்துக்குப் பல்சக்கர ரயிலில் ஏறி, ஸ்டேஷனிலிருந்து பெட்டியை நாமே இழுக்க வேண்டும். பனியில் சக்கரம் உருளாது, தூக்கத்தான் வேண்டும். வாடகைக்கு எடுத்த வீட்டு வாசலில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி. கையுறையைக் கழற்றி, விரல் மரத்துப்போய் நான் எண்ணைத் திருகிக்கொண்டிருக்கிறேன். பின்னால் ரீல்ஸ் எடுக்கிறார்கள். கதவு திறந்ததும்தான் அத்தனை பேருக்கும் உயிர் வந்தது. பனி ஒட்டிய ஷூவோடு மரத்தரையில் ஓடி, நான் சாவிப் பெட்டியை மூடிவிட்டு வருவதற்குள், பஸ் சீட்டுக்குத் துண்டு போடுவது போல எல்லாக் கட்டிலிலும் ஜாக்கெட் விழுந்துவிட்டது. எனக்கு ஹாலில் இழுத்துப் போடும் சோபா. நடுவில் ஒரு கம்பி, சரியாக முதுகெலும்பில்.

அப்புறம் ஆரம்பித்தது விசாரணை. வைஃபை பாஸ்வேர்ட் என்ன? ஹீட்டர் எப்படி? ஏன்டா, எனக்கு மட்டும் இது மாமனார் வீடா? ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டுப் புழுக்கமாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறக்கிறான் ஒருவன். வாங்கிவந்த உருண்டை அடாப்டர் சுவிஸ் பிளக் பாயிண்டின் குழிக்குள் நுழையாது என்று தெரிந்ததும் என்னுடையதைப் பிடுங்கிக்கொள்கிறான் இன்னொருவன். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்று சொல்லியும் ஏர்போர்ட்டில் பாட்டில் பாட்டிலாக வாங்கிச் சுமந்து வந்ததும் இவர்கள்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு என் பெட்டியிலிருந்த புளிக்காய்ச்சல்தான். சோறு வடித்ததும் நான், பாத்திரம் கழுவியதும் நான். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதற்கு நேர் கீழே ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு! பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். போய் மன்னிப்புக் கேட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? மற்றவர்கள் போர்வைக்குள் சிரிக்கிறார்கள்.

இதில் உச்சம், பயணிகள் வரி. அங்கே தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று ஊருக்குக் கட்ட வேண்டும். கணக்கைப் போட்டதும், "ரூமுக்குத்தான் காசு கொடுத்தாச்சே, இது என்ன புதுசா?" என்று என்னைக் கமிஷன் அடிக்கும் புரோக்கர் மாதிரி பார்த்தான் ஒருவன். குப்பை போடுவதற்கும் அங்கே கட்டணம் சேர்த்த பையைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பைக்காசும் வரிக்காசும் ஊர் திரும்பிய பிறகும் ஒருத்தனும் ஜிபே பண்ணவில்லை. போட்டோவை மட்டும் ஒரிஜினல் சைசில் அனுப்பச் சொல்லித் தினமும் மெசேஜ் வருகிறது. காசு வரட்டும், அனுப்புகிறேன்.