அது எங்கட காசு இல்லை

எங்கட சங்கம் நடத்துற மருத்துவ ஒழுக்கவியல் சஞ்சிகையின்ர ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில, ஐந்தொகையின்ர (இருக்கிற காசையும் குடுக்கவேண்டிய கடனையும் காட்டுற கணக்குத் தாள்) ஒரு வரியை மட்டும் போனில படம் பிடிச்சு வாட்ஸ்அப்பில ஓடவிட்டவருக்கு முதலில நன்றி. படம் நல்ல தெளிவு. "வங்கியில இவ்வளவு காசு கிடக்கு, பிறகேன் சந்தாவைக் கூட்டுறியள்?" எண்ட கேள்வியும் தெளிவுதான். அதே தாளில நாலு விரல் கீழ 'முற்கூட்டிப் பெற்ற சந்தா' எண்டு ஒரு வரி கிடந்தது. அதையும் சேர்த்துப் பிடிச்சிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இல்லை.

அது எங்கட காசு இல்லை.

ஒரு கணக்குக்குச் சொல்லுறன். நாலு இதழுக்கு 2,000 ரூபா சந்தா எண்டு வையுங்கோ. தை மாதம் நீங்கள் கட்டின அண்டைக்கே பாஸ்புக்கில 2,000 ஏறும். ஆனால் அண்டைக்கு எங்கட வருமானம் பூச்சியம். முதல் இதழ் உங்கட வாசலுக்கு வந்தாப் பிறகுதான் அதில 500 எங்கட. மிச்சம் 1,500 நாங்கள் உங்களுக்குத் தரவேண்டிய கடன். சின்னச் சஞ்சிகைகள் படுக்கிற இடமே இதுதான். வருசத் தொடக்கத்தில பாஸ்புக் கொழுத்துத் தெரியும், ஆராவது ஒரு நல்ல கணினி வாங்குவம் எண்டு சொல்லுவினம், நாலாவது இதழுக்கு அச்சகத்துக்குக் குடுக்கக் காசிராது.

இதைவிடப் பொல்லாதது ஆயுட்காலச் சந்தா. ஒருக்காக் காசு வாங்கினால் ஆள் இருக்குமட்டும் அனுப்பவேணும். வாங்கின காசை அப்பிடியே நிலையான வைப்பில போட்டு வட்டியில மட்டும் இதழ் அனுப்பினால்தான் கணக்கு நிக்கும். 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து சில மாதத்துக்குள்ள 360க்கு ஏறேக்க கடதாசி, மை, அச்சுப் பிளேட் எல்லாம் கூடவே ஏறினது. வைப்பு மட்டும் அதே ரூபாயில கிடந்தது. அந்த வருசம் பங்குனியில கடதாசி இல்லாமல் ஐலண்டும் திவயினவுமே சனிக்கிழமைப் பதிப்பை அச்சடிக்கேல்லை. பெரிய பத்திரிகைகளுக்கே அந்தக் கதி.

இதுக்குள்ள திரும்பி வாற பொதிகள் வேற. ஓரம் நைஞ்சு, நீலப் பேனையால 'முகவரியில் இல்லை' எண்டு எழுதி வரும். ஆள் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறாரோ, உயிரோட இருக்கிறாரோ, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவையிட்ட ஆர் கேக்கிறது? முத்திரைக் காசு போனது போனதுதான். பெயரை வெட்டவும் ஏலாது. ஆயுட்காலம் எண்டு ரசீதில எழுதிக் குடுத்திருக்கிறம்.

"அச்சை விட்டுட்டு பீடிஎப் போடுங்கோவன், செலவே இல்லைத்தானே" எண்டு கொமன்ட் போடுறவைக்கு: இலவசமானது எது எண்டு எங்களுக்கும் தெரியும். இணையத்தில சஞ்சிகை நடத்துற ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ் மென்பொருள் இலவசம். சஞ்சிகையை அடையாளம் காட்டுற ஐஎஸ்எஸ்என் இலக்கம் இலவசம். ஆரும் இலவசமா வாசிக்கக்கூடிய சஞ்சிகைகளின்ர உலகப் பட்டியலான டிஓஏஜேயில சேரவும் காசில்லை (சேர்த்துவிடுறம், காசு அனுப்புங்கோ எண்டு மின்னஞ்சல் வந்தால் அது கள்ளர்). அதுக்குப் பிறகுதான் பில் வரும். சேர்வருக்கும் டொமைனுக்கும் வருசாவருசம் கட்டவேணும். டிஓஐ எண்டு ஒவ்வொரு கட்டுரைக்கும் குடுக்கிற நிலையான அடையாள இலக்கத்துக்கு கிராஸ்ரெப் எண்ட அமைப்பின்ர அங்கத்துவம் வேணும், அது கனகாலமா வருசம் 275 டொலரா இருந்தது. அதுக்கு மேல புதுக் கட்டுரை ஒண்டுக்கு ஒரு டொலர். வருசம் 40 கட்டுரை எண்டால் அந்த விலையில 315 டொலர்.

சரி, அதைக் கட்டுறது எப்பிடி? சங்கக் கணக்குக்கு இருக்கிறது ரெண்டு கையெழுத்துக் காசோலைப் புத்தகம். அதைக் கிழிச்சு அமெரிக்காவுக்கு அனுப்ப ஏலாது. பொருளாளர் தன்ர கிரெடிட் கார்ட்டில கட்டி, வங்கி போட்ட டொலர் விலையில ரசீதைக் குடுத்துத் திருப்பி எடுக்கிறார். அறிக்கையில 'பொருளாளருக்கு மீளளிப்பு' எண்டு கிடந்தது அதுதான். அந்த வரிக்குப் பக்கத்தில சிரிப்புப் பொம்மை போட்ட மருத்துவர் ஐயாமாரே, அது சம்பளம் இல்லை. ஆசிரியர் குழுவில, மதிப்பாய்வில, அச்சுப்படி திருத்திறதில ஒருத்தருக்கும் அஞ்சு சதம் இல்லை. உழைப்பு இலவசம் எண்டதால சஞ்சிகையும் இலவசமாகாது.

பிறகு பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு. கட்டுரைக்குத் தமிழ்ச் சுருக்கம் தாறவையில கனபேர் இன்னும் பாமினியிலதான் அடிச்சு அனுப்புகினம். அதை அப்பிடியே பீடிஎப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ், கூகிளுக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. எவ்வளவு தேடினாலும் கட்டுரை அம்பிடாது. யுனிகோட்டுக்கு மாத்தினால் இடையில நிக்கிற ஆங்கில மருந்துப் பெயரும் சேர்ந்து தமிழ்ப் பிதற்றலா மாறும், கொம்பு தன்ர எழுத்தை விட்டுக் கழண்டு நிக்கும். ஒரு பக்கத்தை வரிவரியாப் பாத்துத் திருத்த ஒரு பின்னேரம் போகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில மருத்துவம் படிப்பிச்ச ஊர் இது. 'தகவலறிந்த சம்மதம்' (நோயாளி எல்லாம் விளங்கிக்கொண்டு குடுக்கிற சம்மதம்) எண்டதைத் தமிழில எழுத இண்டைக்கும் ஆள் பிடிக்கவேண்டிக் கிடக்கு.

"மருந்துக் கொம்பனி விளம்பரம் எடுக்கலாமே." எடுக்கலாம். மருத்துவருக்குக் கொம்பனி குடுக்கிற அன்பளிப்பு பிழை எண்டு உள்ளுக்கு எழுதிப்போட்டு, பின்னட்டையில அதே கொம்பனியின்ர மாத்திரைப் பெட்டியை நாலு கலரில அடிக்கலாம். மருத்துவ ஒழுக்கவியல் சஞ்சிகை எண்ட பெயரை மட்டும் மாத்தினால் போதும்.

"எழுதிறவையிட்ட வாங்கலாமே." பிஎம்சி மெடிக்கல் எதிக்ஸ் எண்ட வெளிநாட்டுச் சஞ்சிகை ஒரு கட்டுரைக்கு 2,000 டொலருக்கு மேல வாங்குது. ஒரு தாதியோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ அதில பத்திலொண்டைத் தன்னும் எங்க போய் எடுக்கிறது? 1993இல மும்பையில தொடங்கின இந்திய மருத்துவ ஒழுக்கவியல் சஞ்சிகை எழுதிறவரிட்டக் காசு வாங்காமல்தான் நடக்குது. வசதியுள்ளவையின்ர குரலை மட்டும் அச்சடிக்கிறதெண்டால் அதுக்கு வேற இடங்கள் தாராளமா இருக்கு.

கணக்கறிக்கை பிந்தினது உண்மை. அதில எங்களில பிழை. கணக்குக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கேளுங்கோ. பாதித் தாளைப் படம் எடுத்துக் கள்ளரெண்ட மாதிரிக் கேக்காதேங்கோ. பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பைத் திறக்க, எங்களோட இருந்து படி திருத்தின பிள்ளையளும் அதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தினம்.

அடுத்த இதழ் சரியா 64 பக்கத்தில நிக்குது. ஒரு தாளில 16 பக்கம், நாலு தாள். 65ஆம் பக்கம் எண்டு ஒண்டு வந்தால் இன்னொரு தாள், இன்னொரு பிளேட், இன்னொரு ஓட்டம். ஐந்தொகையை முழுசாக் குறிப்புகளோட அச்சிடுறதெண்டு நேற்று முடிவெடுத்தம். அதுக்கு ரெண்டு பக்கம் வேணும். திருத்தி முடிச்ச தமிழ்ச் சுருக்கங்கள் கிடந்த ரெண்டு பக்கத்தை எடுத்திருக்கிறம்.