கியர் போட்டால்தான் டிரைவரா?

கார் வாங்கப்போகிறவர் யாராவது "மேனுவல் எடுக்கலாமா, ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?" என்று கேட்டால் போதும், கூட்டத்தில் ஒருவர் தவறாமல் சொல்வார்: "ஆட்டோமேட்டிக்ல என்னப்பா இருக்கு, கியர் போட்டு ஓட்டினாத்தான் ஓட்டின மாதிரி." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஒரு பேச்சுக்குப் பயந்தே, தினமும் ஆபீஸ் போய்வர கார் வாங்குகிற எத்தனையோ பேர் தேவையில்லாத வேலை ஒன்றைப் பல வருஷத்துக்குத் தலையில் கட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்கூட்டர் விஷயத்தில் இந்த வீராப்பு எங்கே போனது? பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் காலத்தில் இடது கையால் கிளட்சைப் பிடித்து, அந்தக் கைப்பிடியையே திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். எண்பதுகளில் கைனடிக் ஹோண்டா வந்தது, கியரே இல்லை. 2001இல் ஆக்டிவா வந்தது. இன்று தாத்தா முதல் காலேஜ் போகிற பெண் வரை எல்லோர் வீட்டு வாசலிலும் கியர் இல்லாத வண்டிதான் நிற்கிறது. அதற்குள் இருப்பது ஒரு பெல்ட்டும் இரண்டு புல்லியும். காரில் சிவிடி என்று சொல்லி விற்கிறார்களே, அடிப்படையில் அதே ஏற்பாடுதான். ஆக்டிவா ஓட்டுகிறவரைப் பார்த்து "நீ வண்டி ஓட்டுறதே இல்ல" என்று யாரும் சொல்வதில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரத்திலிருந்து கத்திப்பாரா பக்கம் வந்து பாருங்கள். அல்லது மெட்ரோ வேலைக்காகக் குறுகிப்போன ஓஎம்ஆரில். கிளட்சை மிதி, ஃபர்ஸ்ட் போடு, பாதி விடு, நாலடி நகரு, பிரேக், மறுபடி கிளட்ச், நியூட்ரல். முன்னால் போகிற வண்டி நகர்ந்து ஒரு நொடி தாமதித்தால் அந்த இடைவெளியில் ஆட்டோ நுழைந்துவிடும் என்பதால் பலர் நியூட்ரலுக்கே போவதில்லை, கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் "ஹாஃப் கிளட்ச்ல ஓட்டாதீங்க சார்" என்று தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான். அப்படி ஊரும்போது கிளட்ச் பிளேட் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே தேய்கிறது, சூடாகிறது, ஒரு கட்டத்தில் கருகல் வாசனை வருகிறது. அப்புறம் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்று செட்டாக மாற்ற வேண்டியதுதான். கிளட்ச் மிதித்து மிதித்து வந்த முட்டி வலியை மாற்ற ஒர்க்‌ஷாப் கிடையாது.

என் அக்கா கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவர். டிரைவிங் ஸ்கூலில் நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்று, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, கிளட்சை விடும்போது கார் பின்னால் உருண்டுவிடுமோ என்ற பயம் ஒன்று அவரை வருஷக்கணக்கில் ஸ்டியரிங் பக்கமே விடவில்லை. வீட்டுக்கு ஆட்டோமேட்டிக் வந்ததும் கொஞ்ச நாள் காலனிக்குள் சுற்றினார். இப்போது பிள்ளைகளை ஸ்கூலில் விடுவது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். இப்படி லைசென்ஸைப் பர்ஸிலேயே வைத்திருக்கும் பெண்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஆட்டோமேட்டிக் என்று முடிவெடுத்தாகிவிட்டது. எந்த ஆட்டோமேட்டிக்? இதைத்தான் ஷோரூமில் நம் ஆட்கள் கேட்பதே இல்லை.

2014 நம் ரோட்டுக்கு ஒரு விசித்திரமான வருஷம். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் வைத்திருந்த அம்பாசடரின் உற்பத்தி அந்த வருஷம்தான் நின்றது. அதே வருஷம்தான் மாருதி செலேரியோவில் ஏஎம்டி வந்து, சின்னக் காரிலும் குறைந்த விலைக்கு ஆட்டோமேட்டிக் என்றானது. ஏஎம்டி தனி வகை கியர்பாக்ஸ் ஒன்றும் இல்லை. அதே மேனுவல் பெட்டி, அதே கிளட்ச் பிளேட். மிதிப்பதையும் மாற்றுவதையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. அதனால்தான் விலை குறைவு, மைலேஜும் மேனுவலை ஒட்டியே வரும். கியர் மாறும்போது ஒரு சின்ன தலையாட்டல் இருக்கும், அந்த நேரம் ஆக்சிலேட்டரை லேசாகத் தளர்த்திவிட்டால் அதுவும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஏற்றத்தில் பிரேக் மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் கொடுத்து வண்டியை நிறுத்திப் பிடித்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது.

டார்க் கன்வர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய்தான் வேலை செய்கிறது. ஊர்ந்து போனாலும் தேய அங்கே பிளேட் கிடையாது. விலை அதிகம், பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் நெரிசலில் அதன் நிதானத்துக்கு ஈடில்லை. சிவிடியும் சிட்டிக்கு அருமை. வேகமாக மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும், அவ்வளவுதான். இரண்டு கிளட்ச் வைத்த டிசிடி ஓட்ட ஆசையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் எண்ணெயில் நனையாத டிரை கிளட்ச் வகை, மணிக்கணக்கில் ஊரும் நெரிசலில் சூடாகக்கூடியது. உங்கள் தினசரி வழி ஜிஎஸ்டி ரோடு என்றால் என் ஓட்டு அதற்கில்லை.

என் உண்மையான கவலை மலைப்பாதை. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு எழுபது. "ஏறின கியர்லயே இறங்கு" என்பது பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக்கை 'டி' என்கிற டிரைவில் போட்டுவிட்டு அப்படியே இறங்கினால், ஆக்சிலேட்டரில் மிதி இல்லை, எஞ்சினுக்குப் பாரம் இல்லை என்று பல வண்டிகள் பெரிய கியருக்குப் போய்விடும். எஞ்சின் பிடிக்காது. ஓட்டுகிறவர் வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார். பிரேக் பேட் சூடாகி, வாசனை வந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். கியரை நீங்களே தேர்ந்தெடுக்கிற 'எம்' (மேனுவல்) மோடில் போட்டு இரண்டாவது கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள், சின்ன கியருக்கான 'எல்' (லோ) இருந்தால் அதில் போடுங்கள். வாங்கி மூன்று வருஷமாகியும் அந்த எம் எதற்கு என்று தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மலைக்குப் போவதற்கு முன், ஊரிலேயே ஒரு மேம்பாலத்தில் அதைப் போட்டுப் பழகுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடுவதும் எஞ்சினை அணைப்பதும் எந்த வண்டியிலும் கூடாது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய், மிதி கல்லாக இறுகிவிடும்.

மேனுவலிலிருந்து மாறுகிறவர்களுக்கு இன்னொன்று. இடது காலுக்கு வேலை கொடுக்கவே கூடாது. பழக்கதோஷத்தில் அது கிளட்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார். முதல் சில நாட்கள் இடது காலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்து ஓட்டுங்கள்.

மேனுவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெரிசல் இல்லாத ஊர், பெரும்பாலும் ஹைவே ஓட்டம், கையில் இருக்கிற பணத்துக்கு நல்ல மாடல் வேண்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம். பேட்டரி போனால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்கிற வசதியும் அதில்தான். ஓட்டக் கற்றுக்கொள்வதும் மேனுவலில் இருக்கட்டும், எந்த வண்டி கிடைத்தாலும் கை நடுங்காது.

டெஸ்ட் டிரைவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை காலி ரோட்டில் முடித்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா காரும் நன்றாகத்தான் ஓடும். வேலை நாளில், சாயங்காலம், நீங்கள் தினமும் மாட்டிக்கொள்ளும் அதே சிக்னலுக்கு எடுத்துப்போகக் கேளுங்கள். ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள், ஒரு பேஸ்மென்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். வீட்டில் யார் அதிகம் ஓட்டப்போகிறார்களோ அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள்.